வர்ஜீனியாவில் ஒரு குடியேறியின் குடும்பம்: உயிலில் இல்லாத மகனை நிலப் பத்திரங்களில் கண்டறிய முடியுமா?

கேள்வி: பழைய பத்திரம்

வணக்கம். நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மகன் வீட்டோடு வர்ஜீனியாவில் இருக்கிறேன். என் மருமகளின் தந்தைவழிக் குடும்பம் 1776-க்கு வெகு முன்பே இங்கு குடியேறிய குடும்பம். பேத்திக்காக அந்த மரபுவரிசையை எழுதி வைக்கலாம் என்று தொடங்கி, முதல் தலைமுறையிலேயே சிக்கிக்கொண்டேன். உறவினர்கள் பலர் இருப்பதால் பெயர்களை இங்கே எழுதவில்லை. குடியேறியவரைப் 'பெரியவர்' என்று குறிப்பிடுகிறேன்.

கையில் இருப்பவை நான்கு ஆவணங்கள். முதலாவது, ஸ்பாட்சில்வேனியா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) ரப்பிடான் ஆற்றுக்குத் தெற்கே பெரியவருக்கு 400 ஏக்கர் வழங்கிய அரசுப் பட்டயம். அதன் தேதி '1727/28 பிப்ரவரி' என்று இரண்டு ஆண்டுகளோடு எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது, 1736-இல் ஆரஞ்சு கவுண்டியில் பதிவான இரண்டு பத்திரங்கள். ஒரே நபருக்கு, முதல் நாள் 100 ஏக்கர் 5 ஷில்லிங்குக்கும், மறுநாள் 100 ஏக்கர் 20 பவுண்டுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்போது பெரியவரின் மனைவியைத் தனியே அழைத்து விசாரித்ததாகவும், அவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்ததாகவும் குறிப்பு உள்ளது. மூன்றாவது, 1747-இல் எழுதப்பட்டு 1749-இல் ஆரஞ்சு நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட உயில். இதில் மனைவியின் பெயர் வேறாக இருக்கிறது. தாம் குடியிருக்கும் 150 ஏக்கரை மனைவிக்கு வாழ்நாள் அனுபவமாகவும், அவருக்குப் பின் ஒரு மகனுக்கும், மகள்கள் இருவருக்கு ஆளுக்கு ஓர் இறகு மெத்தையும் ஒரு பசுவும், 'மருமகன்' ஒருவருக்குக் குதிரையும் எழுதியிருக்கிறார். நான்காவது, 1763-இல் பெரியவரின் அதே பெயருடைய ஒருவர், அதே ஓடைக்கரையில் 150 ஏக்கரை விற்ற பத்திரம்.

என் குழப்பங்கள் இவை. 400-இல் 200 விற்று, 150 உயிலில் போனால் மீதி 50 ஏக்கர்தான் இருக்க வேண்டும். 1763-இல் 150 எங்கிருந்து வந்தது? அதை விற்றவர் யார்? இணையத்தில் உள்ள குடும்ப மரங்கள், உயிலில் பெயர் இல்லாததால் அவர் பெரியவரின் தம்பி மகன் என்கின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை என்று அவற்றின் எழுத்துப் பிழைகளே சொல்கின்றன. நிலம் பெற்ற மகன் என் மருமகளின் நேர் முன்னோர். அவருடைய தாய் இரண்டு மனைவியரில் யார்? அந்தக் குடும்பம் 1735 வாக்கில் ஆரஞ்சுக்கு ஏன் இடம்பெயர்ந்தது?

மறுமொழி: நான்கெல்லை

அம்மா, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எளிது. அவர்கள் எங்கும் போகவில்லை. 1734-இல் ஸ்பாட்சில்வேனியாவைப் பிரித்து ஆரஞ்சு கவுண்டியை உருவாக்கினார்கள். வீடு நின்ற இடத்திலேயே நின்றது, பதிவு செய்யும் நீதிமன்றம் மட்டும் மாறியது. ஸ்பாட்சில்வேனியாவே 1721 வாக்கில் எசெக்ஸ் முதலிய கவுண்டிகளிலிருந்து பிரிந்ததுதான். எனவே ஒரு நிலத்தைத் தேடும் முன், அந்த இடம் எந்த ஆண்டில் எந்தக் கவுண்டியில் இருந்தது என்ற வரிசையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆற்றுக்குத் தெற்கே என்றது உங்கள் நல்ல காலம். வடகரை என்றால் 1745-இல் இங்கிலாந்தில் வந்த தீர்ப்புக்குப் பிறகு அது ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவின் நார்தர்ன் நெக் என்ற தனி நிலவுடைமையின் எல்லைக்குள் போயிருக்கும். அதன் மானியப் புத்தகங்களையும் தனியே புரட்ட வேண்டியிருக்கும்.

இனி ஏக்கர் கணக்கு. 1736-இல் அவர் விற்றது 200 ஏக்கர் அல்ல, 100 மட்டுமே. நீங்கள் பார்த்த இரண்டும் ஒரே கிரயத்தின் இரண்டு பாதிகள். அக்கால ஆங்கிலச் சட்டப்படி ஒருவருக்கு நிலத்தை முழுமையாக மாற்ற, முதல் நாள் 5 ஷில்லிங் போன்ற பெயரளவுத் தொகைக்கு ஓராண்டுக் குத்தகை எழுதி அவரைச் சுவாதீனத்தில் வைப்பார்கள். மறுநாள், எழுதிக் கொடுப்பவர் தம்மிடம் மிஞ்சியிருக்கும் உரிமையை உண்மையான விலைக்கு விடுதலை செய்து கொடுப்பார். நிலத்துக்கே நேரில் போய் மண்ணும் குச்சியும் கையில் எடுத்துக் கொடுக்கும் பழைய சடங்கைத் தவிர்க்க வழக்கறிஞர்கள் கண்ட வழி அது. பதிவுப் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு பத்திரங்களாகத் தெரியும். பதிவு அலுவலகத்தில் இருந்த உங்களையே ஏமாற்றியது என்றால் மற்றவர்களைச் சொல்லவே வேண்டாம்.

ஆக, 400-இல் 100 போனால் 300. உயிலில் 150 போனால் மீதி 150. 1763-இல் விற்கப்பட்டதும் 150. இது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு. உயிலில் சொல்லப்படாத நிலம், உயில் இல்லாமல் இறந்தவரின் நிலத்தைப் போலவே சட்டவழி வாரிசுக்கு இறங்கும். வர்ஜீனியாவில் சட்டவழி வாரிசு என்றால் மூத்த மகன் ஒருவர்தான். அந்த முறையை ஒழித்த சட்டம் 1785-இல் நிறைவேறி 1787-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மூத்த மகனுக்கு நிலம் தானாகவே போகும் என்று தெரிந்த தகப்பன், அவர் பெயரை உயிலில் எழுத வேண்டிய தேவையே இல்லை; அடுத்த மகனுக்கும் மகள்களுக்கும் ஏதாவது கிடைக்கச் செய்யத்தான் உயிலே எழுதுவார். எனவே 'உயிலில் பெயர் இல்லை, ஆகவே மகன் இல்லை' என்ற வாதம் இந்த ஊருக்கும் இந்தக் காலத்துக்கும் பொருந்தாது.

ஆனால் இதோடு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மூன்று சோதனைகள் பாக்கி. உயிலின் கடைசிப் பத்தியில் 'மீதியுள்ள என் சொத்து முழுவதும்' என்று யாருக்காவது எழுதியிருக்கிறதா, அதில் நிலமும் அடங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் என் வாதம் விழுந்துவிடும். அடுத்து, ஸ்பாட்சில்வேனியா, ஆரஞ்சு இரண்டிலும் எழுதி வாங்கியவர் பெயர் அட்டவணையை 1763 வரை பாருங்கள். விற்றவர் அந்த 150 ஏக்கரை யாரிடமிருந்தும் வாங்கவில்லை, தானமாகப் பெறவில்லை, புதிய பட்டயமும் வாங்கவில்லை என்றால்தான் அது வாரிசாக வந்தது என்று சொல்ல முடியும். அப்போதும் ஓர் ஓட்டை இருக்கும்: சிலர் கவுண்டியில் பதியாமல் மாகாணத் தலைமை நீதிமன்றத்தில் பதிந்தார்கள், அதன் ஏடுகள் 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தபோது போய்விட்டன.

மூன்றாவது சோதனை எல்லைகள். நம் பத்திரங்களில் நான்கெல்லை எழுதுவது போல, இங்கே ஒரு மூலை மரத்தில் தொடங்கி, இந்தத் திசையில் இத்தனை கோல், அங்கே ஒரு ஹிக்கரி மரம், அங்கிருந்து இத்தனை கோல் என்று சுற்றி வந்து தொடங்கிய மரத்தில் முடிப்பார்கள். ஒரு கோல் பதினாறரை அடி. 160 சதுரக் கோல் ஓர் ஏக்கர். பட்டயத்தின் வடிவத்தை வரைபடத் தாளில் வரைந்து, மற்ற மூன்று துண்டுகளையும் வெட்டி அதன்மேல் பொருத்திப் பாருங்கள். 1763 பத்திரத்தின் ஒரு கோடாவது பட்டயத்தின் வெளிக்கோட்டோடு அதே திசையிலும் அதே நீளத்திலும் ஒத்துப்போக வேண்டும். அளவைகள் துல்லியமானவை அல்ல என்பதால் ஏக்கர் எண்ணிக்கை சிறிது முன்பின் இருக்கலாம். கோடுகளும் மூலை மரங்களும்தான் முக்கியம்.

மறுமொழி: ஆணைப் புத்தகம்

நிலத்தைப் பற்றி மேலே சொன்னதற்கு நான் சேர்க்க ஒன்றும் இல்லை. சொற்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உயிலில் உள்ள 'மருமகன்' மகளின் கணவர்தானா? 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அந்தச் சொல், மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகனையும் குறித்தது. அதேபோல் மாற்றாந்தாயை மாமியார் என்ற சொல்லால் எழுதுவார்கள். 'கசின்' என்று எழுதியிருந்தால் அண்ணன் மகனாக, தங்கை மகனாக இருக்கலாம். நம் மொழியிலும் அக்கா மகனும் மருமகன்தான், மகளின் கணவரும் மருமகன்தான். ஆகவே இதில் வியப்படைய நமக்கு ஒன்றும் இல்லை. பெரியவரின் மகள்கள் 1747-இல் மணமானவர்களா? உயிலில் அவர்கள் தந்தையின் குடும்பப் பெயரோடு எழுதப்பட்டிருந்தால், அந்த 'மருமகன்' பெரும்பாலும் பின்னால் வந்த மனைவியின் மகன். அதாவது அந்த அம்மையார் விதவையாக இருந்து பெரியவரை மணந்தவர். அப்படியானால் அந்தப் பையனின் குடும்பப் பெயருடைய ஒருவர் அதே வட்டாரத்தில் 1736-க்கும் 1747-க்கும் இடையில் இறந்திருக்க வேண்டும். அவருடைய சொத்து நிர்வாகப் பதிவைத் தேடுங்கள்.

1736-இல் மனைவியைத் தனியே விசாரித்த குறிப்பு மிக உதவியானது. கணவரின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை விதவையான பின் வாழ்நாள் முழுதும் அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்ததால், வாங்குபவர் பின்னாளில் வில்லங்கம் வராமலிருக்க அதை விடுவித்து வாங்குவார். அந்த நாளில் அந்த மனைவி உயிரோடு இருந்தார் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

'வாழ்நாள் அனுபவம்' என்பதன் கனத்தையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஜார்ஜ் வாஷிங்டனின் அண்ணன் லாரன்ஸ் 1752-இலும், அவருக்கு எஞ்சியிருந்த ஒரே மகள் 1754-இலும் இறந்தபோதும் மவுண்ட் வெர்னன் பண்ணை ஜார்ஜுக்கு வந்துவிடவில்லை. மறுமணம் செய்துகொண்டிருந்த அண்ணியாருக்கு அதில் வாழ்நாள் உரிமை இருந்ததால், ஆண்டுக்கு 15,000 பவுண்டு எடைப் புகையிலை குத்தகை கொடுத்துத்தான் அவர் அங்கே குடியிருந்தார். 1761-இல் அண்ணியார் இறந்த பிறகே உடைமையாளர் ஆனார். உங்கள் குடும்பத்து மகனும் 1749-லேயே நிலத்தை அனுபவித்தார் என்று எழுதிவிடாதீர்கள்.

1727/28 என்பது பிழை அல்ல. 1752-க்கு முன் ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. அதனால் பிப்ரவரி மாதம் அவர்கள் கணக்கில் இன்னும் 1727, நம் கணக்கில் 1728. இரண்டும் எழுதிய எழுத்தருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் எழுதிய எழுத்தர்களால் திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகப் பழி சுமக்கும் குடும்பங்கள் உண்டு.

கடைசியாக, நீதிமன்ற ஆணைப் புத்தகத்தில் காப்பாளர் நியமனங்களைப் பாருங்கள். தந்தை இறந்தாலே பிள்ளையை 'அனாதை' என்றுதான் எழுதுவார்கள், தாய் உயிரோடு இருந்தாலும். 14 வயது நிறைந்த பிள்ளை தன் காப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் கீழே என்றால் நீதிமன்றம் நியமிக்கும். ஒரு சொல் வேறுபாட்டில் பிறந்த ஆண்டுக்கு ஓர் எல்லை கிடைத்துவிடும்.

மறுமொழி: கரையோரம்

பட்டயத்தில் எத்தனை பேரைக் கப்பலில் அழைத்து வந்தார் என்ற பெயர்ப் பட்டியல் இருக்குமே? அதைக் கொண்டு குடியேறிய ஆண்டைச் சொல்லிவிடலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மறுமொழி: நான்கெல்லை

அது பெரும்பாலும் முந்தைய நூற்றாண்டுக் கதை. 1618 முதல், பயணச் செலவு கொடுத்து அழைத்து வந்த ஆள் ஒன்றுக்கு 50 ஏக்கர் என்று கொடுத்தார்கள். ஆனால் 1699 முதல் 50 ஏக்கருக்கு 5 ஷில்லிங் கட்டியே நில உரிமை வாங்க முடிந்ததால், 1728 பட்டயம் பணத்துக்கு வாங்கியதாகவே இருக்கலாம். ஆட்களின் பெயர் இருந்தாலும் அந்த உரிமைகள் கைமாறி விற்கப்பட்டன. அழைத்து வந்தவர் ஒருவர், பட்டயம் வாங்கியவர் வேறொருவர். குடியேறிய ஆண்டுக்கு அதைச் சான்றாக வைக்க வேண்டாம்.

கேட்டவரின் பதில்: பழைய பத்திரம்

இருவர் சொன்னதையும் வைத்துக்கொண்டு ஆறு வாரம் தேடினேன். பட்டயப் படிகள் வர்ஜீனியா மாநில நூலகத்தின் தளத்தில் கிடைத்தன. கவுண்டி ஏடுகளை ஃபேமிலிசர்ச் தளத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அட்டவணையில் இல்லாத பெயர்கள் உள்ளே எத்தனையோ இருக்கின்றன.

உயிலின் மீதிச் சொத்துப் பத்தி 'அசையும் சொத்து' என்று மட்டுமே சொல்கிறது, நிலம் இல்லை. விற்றவர் அந்த 150 ஏக்கரை வாங்கியதாக இரண்டு கவுண்டியிலும் பதிவு இல்லை. எல்லைக் கோடுகளை வரைந்தேன். 1763 பத்திரத்தின் இரண்டு பக்கங்கள் பட்டயத்தின் வடக்கு, மேற்குக் கோடுகளோடு திசை மாறாமல் பொருந்துகின்றன; மூலையில் நிற்கும் வெள்ளை ஓக் மரமும் அதே மரம்தான். மூன்று துண்டுகளையும் வைத்தபோது நடுவில் ஒரு சிறு கீற்று மட்டும் மூடப்படாமல் நின்றது. அளவையாளர் கைவரிசை என்று எடுத்துக்கொண்டேன்.

'மருமகன்' பற்றிச் சொன்னது அப்படியே இருக்கிறது. அந்தக் குடும்பப் பெயருடைய ஒருவரின் சொத்து நிர்வாகம் 1739 மே மாதம் அவருடைய மனைவிக்கு வழங்கப்பட்டிருக்கிறது. 1741-இல் ஒரு கடன் வழக்கில் அதே அம்மையார் 'இப்போது பெரியவரின் மனைவி' என்று எழுதப்பட்டு, பெரியவரும் உடன் பிரதிவாதியாக நிற்கிறார்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். நிலம் பெற்ற மகன் 1752 ஜூலையில் நீதிமன்றத்தில் நின்று காப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கிறார். அப்படியானால் 1738 ஜூலைக்குள் பிறந்திருக்க வேண்டும். இரண்டாவது மனைவியின் முதல் கணவரோ 1738 நவம்பரில் ஜூரியாக அமர்ந்திருக்கிறார். ஆகவே இந்தப் பிள்ளை இரண்டாவது மனைவியின் வயிற்றுப் பிள்ளை ஆக முடியாது. 1736-இல் தனியே விசாரிக்கப்பட்ட அந்த முதல் மனைவியின் பிள்ளையாகவே இருக்க வேண்டும். காப்பாளர் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், 1763-இல் நிலம் விற்ற அதே பெயர்க்காரர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவர் இறந்த பின் நான்கு பக்கத்து வீட்டுக்காரர்கள் மதிப்பிட்டு எழுதிய சொத்துப் பட்டியலைப் பார்த்தேன். செப்புப் பானைக்கும் கறவை மாடுகளுக்கும் நடுவே, பெயரும் விலையும் மட்டும் போட்டு ஐந்து மனிதர்கள். ஒரு பெண்ணும் 'அவளுடைய குழந்தையும்' ஒரே தொகையில். மருமகளிடம் காட்டினேன். இதையும் எழுதுங்கள் என்றாள்.

மறுமொழி: ஆணைப் புத்தகம்

தாய் யார் என்ற முடிவு உறுதியாக நிற்கிறது. மகள்களுக்கு மட்டும் அதை நீட்ட வேண்டாம். அவர்கள் 1741-க்குப் பின் பிறந்திருக்கவும் கூடும். உயிலில் அவர்கள் வயதோ காப்பாளரோ இல்லாதவரை தாயின் இடத்தைக் காலியாக விடுவதே நேர்மை.

அந்த ஐந்து பேரைப் பற்றி: மருமகள் சொன்னது சரி. அவர்களுடைய வழித்தோன்றல்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆவணங்கள் பெரும்பாலும் இப்படி வேறொருவரின் உயிலிலும் பட்டியலிலும்தான் இருக்கின்றன. தங்கள் பெயரில் நிலப் பத்திரம் இருந்தவர்கள் அல்லர் அவர்கள். பெயரை மூலத்தில் உள்ள எழுத்திலேயே எழுதுங்கள். விலை, பட்டியலின் தேதி, புத்தகம், பக்கம் எல்லாவற்றையும் சேருங்கள். அந்தக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து எழுத வேண்டாம்; 1662 சட்டப்படி பிள்ளையின் நிலை தாயின் நிலையைத் தொடர்ந்தது என்பதால், தாயின் பெயர் ஒன்றுதான் அந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும் கயிறு. 1705 முதல் 1792 வரை வாரிசு விஷயத்தில் அடிமைகளை நிலத்தைப் போலவே கருதியது வர்ஜீனியாச் சட்டம். ஆகவே உயிலில் சொல்லாத ஆட்கள் மூத்த மகனிடம் போயிருக்கலாம். அவர் எங்கே போனார் என்று தெரிந்தால் இவர்களையும் அங்கே தேட வேண்டும்.

மறுமொழி: நான்கெல்லை

அதற்கு ஒரு வழி இருக்கிறது. 1763 பத்திரத்தின் இறுதியில் அவருடைய மனைவியின் விசாரணை எங்கே நடந்தது என்று பாருங்கள். மனைவி தொலைவில் இருந்து நீதிமன்றத்துக்கு வர இயலாவிட்டால், அவர் வசிக்கும் கவுண்டியின் நீதிபதிகளுக்கு ஓர் ஆணை அனுப்பி அங்கேயே விசாரிக்கச் சொல்வார்கள். சில ஏடுகளில் அது பத்திரத்தோடு இல்லாமல் சில பக்கங்கள் தள்ளிப் பதிவாகியிருக்கும்.

கேட்டவரின் பதில்: பழைய பத்திரம்

பதினோரு பக்கம் தள்ளி இருந்தது. ஆணை பெட்ஃபோர்டு கவுண்டி நீதிபதிகளுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. அங்கே 1763-க்குப் பின் வரும் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் எடுத்து வைத்திருக்கிறேன்; அந்தத் தாயின் பெயரைத்தான் முதலில் தேடப் போகிறேன்.